சாரணியர் படையில் மகளைச் சேர்த்த பிறகு: சேலத்திலிருந்து ஒரு பெற்றோரின் மதிப்புரை

சேலத்தில் பிள்ளைகளுக்கான பயிற்சி வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஐந்து ரோட்டிலிருந்து அஸ்தம்பட்டி வரை போனால் அபாகஸ், கராத்தே, ஓவியம், கீபோர்டு, கையெழுத்துப் பயிற்சி என்று மாடிக்கு மாடி பலகைகள் தொங்குகின்றன. ஆனால், பிள்ளை பிறரையும் நினைத்துப் பார்க்க வேண்டும், தன்னிடம் ஒப்படைத்த வேலையை யாரும் பார்க்காத நேரத்திலும் முடிக்க வேண்டும் என்று விரும்பும் பெற்றோருக்கு எங்கே போவதென்று தெரிவதில்லை. அதற்கான இடம் பல சமயம் பிள்ளை படிக்கும் பள்ளிக்குள்ளேயே, விளம்பரம் எதுவும் இல்லாமல் இருக்கிறது. பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் படையைத்தான் சொல்கிறேன். என் மகள் ஆறாம் வகுப்பில் அதில் சேர்ந்தாள். இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சேர்க்கலாமா, என்ன செலவாகும், உண்மையிலேயே ஏதாவது கற்றுத் தருகிறார்களா என்று தெரிந்தவர்கள் தொடர்ந்து கேட்பதால், கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒழுங்காக நடக்கும் படையாக இருந்தால் தயங்காமல் சேர்க்கலாம்; பிள்ளைக்குப் பொறுப்புணர்வைப் பழக்குவதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் இந்த ஊரில் பார்க்கவில்லை. பெயரளவில் இருக்கும் படையாக இருந்தால் சேர்க்காமல் இருப்பதே நல்லது, ஏனென்றால் அங்கே பிள்ளை கற்றுக்கொள்வது சேவையை அன்று, சேவை செய்வதுபோல் நிற்பதை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கடினம், ஏனெனில் சீருடையும் ஸ்கார்ஃபும் கொடியும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும்.

அறியாதவர்களுக்காக அமைப்பைப் பற்றிச் சில வரிகள். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் 20 சிறுவர்களை வைத்து நடத்திய முகாமிலிருந்து இந்த இயக்கம் பிறந்தது. நம் நாட்டில் பல பிரிவுகளாக இருந்த சாரணர் சங்கங்கள் 1950 நவம்பர் 7 அன்று ஒன்றாயின. மறு ஆண்டு சாரணியர் அமைப்பும் அதில் இணைந்தது. சிறு பிள்ளைகள் குருளையராகவும் நீலப்பறவையராகவும் சேர்கிறார்கள். பத்து வயது நிறைந்தவர்கள் சாரணர், சாரணியர் ஆகிறார்கள். பிரவேஷ் என்ற நுழைவுநிலையில் உறுதிமொழி எடுத்துக்கொண்டபின் பிரதம சோபான், துவிதிய சோபான், திருதிய சோபான் என்று படிப்படியாகத் தேர்வுகள் உண்டு. அதற்கு மேலே ஆளுநர் வழங்கும் ராஜ்ய புரஸ்கார் விருதும், குடியரசுத் தலைவர் பெயரிலான ராஷ்டிரபதி விருதும் இருக்கின்றன. வலக்கையின் மூன்று விரல்களை உயர்த்திச் செய்யும் வணக்கம் அந்த உறுதிமொழியின் மூன்று பகுதிகளைக் குறிக்கிறது: கடவுளுக்கும் நாட்டுக்கும் ஆற்றும் கடமை, பிறருக்கு உதவுதல், சாரணர் விதிகளைக் கடைப்பிடித்தல். கடவுள் என்ற சொல்லை ஏற்காதவர்கள் அதற்குப் பதில் தர்மம் என்று சொல்லிக்கொள்ளவும் நம் இந்திய அமைப்பு இடம் தருகிறது. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் சேரும் இடத்தில் இது நல்ல ஏற்பாடு என்றே கருதுகிறேன். விதிகள் 9. நம்பிக்கைக்குரியவராக இருப்பது, எல்லோருக்கும் நண்பராக இருப்பது, பிராணிகளிடமும் இயற்கையிடமும் அன்பு காட்டுவது, பொதுச் சொத்தைக் காப்பது, சிக்கனமாக இருப்பது என்று அவை நீள்கின்றன.

இவற்றையெல்லாம் எந்தப் பள்ளியின் சுவரிலும் எழுதி வைத்துவிட முடியும். படிக்கும்போது தலையசைத்துவிட்டு மறுநொடி மறந்துவிடுகிற வாசகங்கள் நம் பள்ளிகளில் ஏராளம். இந்த இயக்கம் வேறுபடுவது அதன் அணிமுறையால்தான், மற்றதெல்லாம் அதற்குப் பின்னர்தான் என்பது இந்தக் காலத்தில் நான் வந்தடைந்த கருத்து. பிரவுன்சீ தீவிலேயே அந்தச் சிறுவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு மூத்த சிறுவனிடம் ஒப்படைத்தார்கள். இன்றும் ஒரு படைக்குள் ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணிகள் இருக்கின்றன. அணித் தலைவி ஒன்பதாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படிக்கும் பெண்ணாக இருப்பாள். அவளுக்குக் கீழே ஒரு துணைத் தலைவி, பிறகு வயதிலும் அனுபவத்திலும் இளையவர்கள். வகுப்பில் ஒரே வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவரும் தன் மதிப்பெண்ணுக்குத்தான் பொறுப்பு. அணியில் அப்படி இல்லை. இளைய பெண் முடிச்சுப் போடக் கற்றுக்கொள்ளவில்லை என்றால் ஆசிரியை அணித் தலைவியைத்தான் கேட்கிறார். இன்னொரு பிள்ளைக்காக நாம் பதில் சொல்ல வேண்டும் என்ற நிலை பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நம் பிள்ளைகளுக்கு வேறு எங்கே வாய்க்கிறது? முன்பெல்லாம் வீட்டில் தம்பி தங்கைகள் நாலைந்து பேர் இருந்தார்கள். மூத்த பெண் இடுப்பில் ஒன்றையும் கையில் ஒன்றையும் வைத்துக்கொண்டே வளர்ந்தாள். அது அவள் படிப்பைப் பறித்த கொடுமையாகவும் இருந்தது என்பதால் அந்தக் காலத்தை நான் போற்ற மாட்டேன். ஆனால் ஒற்றைப் பிள்ளையோ இரட்டைப் பிள்ளையோ இருக்கும் இன்றைய வீட்டில், தன்னைவிடச் சிறிய ஒருவரைக் கவனித்துக்கொள்ளும் பழக்கம் ஏற்பட வழியே இல்லாமல் போய்விட்டது. அணி அந்த இடத்தை, படிப்பைக் கெடுக்காமல், வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தில் நிரப்புகிறது.

ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தைச் சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடந்த ஆண்டு எங்கள் படைக்கு ஒரு தண்ணீர்ப் பந்தலில் பணி கிடைத்தது. காகிதக் கப்போ பிளாஸ்டிக் கப்போ வாங்கக் கூடாது, எவர்சில்வர் டம்ளரில்தான் கொடுக்க வேண்டும் என்று சாரணிய ஆசிரியை முன்பே சொல்லிவிட்டார். தண்ணீர் ஊற்றிக் கொடுக்க எல்லாப் பெண்களும் முண்டியடித்தார்கள், அது இயல்பு. பூவும் வேப்பிலையுமாக வரும் அம்மாக்கள் டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, கன்னத்தைத் தொட்டு, நல்லா இரு தாயி என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எந்தப் பிள்ளைக்குத்தான் அது பிடிக்காது? ஆனால் பந்தலுக்குப் பின்னால் இரண்டு பெரிய பாத்திரங்களில் சோப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் வைத்து, வந்து விழும் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது. அங்கே யாரும் வாழ்த்துவதில்லை. பாவாடை நனைகிறது, விரல் நுனி வெளுத்துச் சுருங்குகிறது, முன்னால் நடப்பது எதுவும் தெரிவதில்லை. ஆசிரியை செய்த ஏற்பாடு எளியது: ஒவ்வொரு அணியும் முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அதே அளவு நேரம் பின்னாலும் உட்கார வேண்டும், அணித் தலைவி முதலில் பின்னால் உட்கார வேண்டும். அன்று இரவு வீட்டுக்கு வந்த மகள் வாழ்த்திய அம்மாக்களைப் பற்றி ஒரு வரியும், டம்ளர் தீர்ந்துபோய் முன்னால் நின்றவர்கள் கத்தியபோது பின்னால் இருந்த மூவரும் எப்படி வேகமாகக் கழுவிக் கொடுத்தார்கள் என்பதைப் பற்றி அரைமணி நேரமும் பேசினாள். சேவையின் எந்தப் பகுதி பிள்ளையின் மனத்தில் ஒட்ட வேண்டும் என்று நான் விரும்பினேனோ அந்தப் பகுதியே ஒட்டியிருந்தது.

ஏற்காட்டில் நடந்த முகாமைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் அதிகம் பயப்படுவது அதற்குத்தான். அரையாண்டு விடுமுறையில் மூன்று நாள். சேலத்திலிருந்து போகும் மலைப்பாதையில் இருக்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப் பிள்ளைகள் வாந்தியெடுத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். தங்கியது ஒரு பள்ளி வளாகம். இரவில் பெண் ஆசிரியர்கள் இருவர் உடன் தங்கினார்கள். கழிவறை, தண்ணீர், அருகிலுள்ள மருத்துவமனை ஆகியவற்றின் விவரங்களைப் பெற்றோரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்கினார்கள். இவற்றைக் கேட்டு வாங்காமல் எந்தப் பெற்றோரும் பிள்ளையை எந்த முகாமுக்கும் அனுப்பக் கூடாது. எங்கள் படையில் கேட்பதற்கு முன்பே கொடுத்தார்கள்.

கடைசி மாலையில் பாசறைத் தீ நிகழ்ச்சிக்குப் பெற்றோர் வரலாம் என்றிருந்ததால் நாங்கள் சற்று முன்னதாகவே மேலே போய்விட்டோம். அணிகள் தனித்தனியாக இரவுச் சமையல் செய்துகொண்டிருந்தன. மார்கழிப் பனியில் விறகு ஈரமாக இருந்ததால் அடுப்பு எரிவதைவிடப் புகைவதே அதிகமாக இருந்தது. என் மகளின் அணியில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி முதல் நாளிலிருந்தே வீட்டு நினைப்பில் அழுதுகொண்டிருந்தாளாம். அணித் தலைவி அவளைத் தேற்றுவதற்கு நீண்ட நேரம் பேசவில்லை. உப்பு டப்பாவை அவள் கையில் கொடுத்து, மூன்று நாளைக்கும் உப்பு உன் பொறுப்பு, நீ ருசி பார்த்துச் சொன்னால்தான் இறக்குவோம் என்று சொல்லியிருக்கிறாள். நாங்கள் பார்த்தபோது அந்தச் சிறுமி டப்பாவை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு, சாம்பாரை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். சோறு அடிப்பிடித்துவிட்டது. பரிமாறும்போது அணித் தலைவி இளையவர்களிலிருந்து தொடங்கி மேலாக இருந்த வெள்ளைச் சோற்றைப் போட்டுக்கொண்டே வந்து, பாத்திரத்தின் அடியில் கருகியிருந்ததைச் சுரண்டித் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை; அதைக் கவனிக்கும்படி ஆசிரியையும் யாருக்கும் சொல்லவில்லை. தலைமை என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு எத்தனையோ கூட்டங்களில் பேசுகிறார்கள். அந்த அணியில் இருந்த மற்றப் பெண்களுக்கு அன்று அந்தத் தட்டைப் பார்த்ததே போதுமான பாடம் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் காலையில் சேவைப் பணி. மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஒரு சிற்றூருக்கு நடந்து போயிருக்கிறார்கள். இதுபோன்ற பணிகளில் வழக்கமாக நடப்பது என்னவென்றால், கீழேயிருந்து பெயிண்ட் வாங்கிக்கொண்டு போய் ஏதாவது ஒரு சுவருக்கு அடித்துவிட்டு வருவது. எங்கள் ஆசிரியை ஒரு வாரம் முன்பே அந்த ஊருக்குப் போய், உங்களுக்கு என்ன செய்தால் உதவியாக இருக்கும் என்று கேட்டு வந்திருந்தார். அவர்கள் சுவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஊற்றுக்கு இறங்கும் படிகளில் மழைக்காலத்தில் சரிந்த மண்ணும் இலைக்குப்பையும் அடைந்து, வயதானவர்கள் குடத்துடன் வழுக்கி விழுவதாகச் சொன்னார்கள். பிள்ளைகள் அரைநாளில் அந்தப் படிகளைச் சுத்தம் செய்தார்கள். மண்வெட்டியை எப்படிப் பிடித்தால் முதுகு வலிக்காது என்று அந்த ஊர்ப் பெண்களே கற்றுக்கொடுத்தார்கள்; வேலை முடிந்ததும் வரக்காபி போட்டுக் கொடுத்தார்கள். உதவி பெறுபவரிடம் முதலில் கேட்க வேண்டும் என்பதையும், அவரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளவும் இருக்கிறது என்பதையும் பிள்ளைகள் சொல்லாமலே புரிந்துகொள்வதற்கு இது வழி செய்தது. இதில் எனக்கு ஒரு குறையும் உண்டு. மறுபடி அந்த ஊருக்கு யாரும் போகவில்லை. அடுத்த மழையில் மீண்டும் மண் சரிந்திருக்கும். ஒவ்வோர் ஆண்டும் புதிய ஊர், புதிய பணி என்று மாற்றாமல், ஒரே ஊருடன் தொடர்ந்து உறவு வைத்துக்கொண்டால் அந்தப் பணி பத்து மடங்கு பொருளுடையதாகும் என்று ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறேன். போக்குவரத்துச் செலவுதான் தடை என்றார்.

நாளுக்கு ஒரு நற்செயல் என்பது இந்த இயக்கத்தின் மிகப் புகழ்பெற்ற பழக்கம். அன்றைய நற்செயலைச் செய்து முடிக்கும்வரை நினைவூட்டலாக ஸ்கார்ஃபின் நுனியில் ஒரு முடிச்சைப் போட்டு வைத்திருக்கச் சொல்வது பேடன் பவல் காலத்து மரபு. இந்தப் பழக்கத்தில்தான் பெரிய நன்மையும் இருக்கிறது, பெரிய ஆபத்தும் இருக்கிறது.

நன்மையை முதலில் சொல்கிறேன். அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் தறிநெய்து ஓய்ந்த ஒரு பாட்டி தனியாக வாழ்கிறார். வாழ்நாள் முழுவதும் நூலிலும் நாடாவிலும் உராய்ந்த விரல்களில் ரேகை தேய்ந்துவிட்டதால், ரேஷன் கடையில் கைரேகை விழாமல் அவர் வெறும் பையுடன் திரும்பி வருவது வழக்கமாக இருந்தது. வரிசையில் பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்துவார்கள். பாட்டி பதற்றத்தில் விரலை இன்னும் அழுத்துவார். இயந்திரம் இன்னும் மறுக்கும். என் மகள் ஒரு சனிக்கிழமை அவருடன் துணைக்குப் போனாள். இப்போது மாதந்தோறும் போகிறாள். ஈரத்துணி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, பாட்டியின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, கொஞ்சம் காயவிட்டு, பிறகு வைக்கச் சொல்கிறாள். இடக்கை மோதிர விரலில் மட்டும் ரேகை ஓரளவு மிச்சமிருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தது அவள்தான். கடைக்காரருக்கும் அது இப்போது தெரியும். முதல் முறை அவள் போனது ஸ்கார்ஃப் முடிச்சுக்காக. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரண்டாம் மாதத்திலிருந்து அது நற்செயல் கணக்கில் வருவதே இல்லை. பாட்டிக்கு அரிசி வாங்க வேண்டும், அவ்வளவுதான். கணக்குக்காகத் தொடங்கிய ஒரு செயல் கணக்கை விட்டு வெளியேறி ஒரு மனிதர் மீதுள்ள பொறுப்பாக மாறுவதைத்தான் இந்தப் பயிற்சியின் வெற்றி என்று நான் அளக்கிறேன்.

ஆபத்து குறிப்பேட்டில் இருக்கிறது. நற்செயல்களை நாள்தோறும் எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று பல படைகளில் வைத்திருக்கிறார்கள். வேறு பள்ளிகளில் படிக்கும் உறவுக்காரப் பிள்ளைகளின் குறிப்பேடுகளைப் பார்த்திருக்கிறேன். பார்வையற்ற ஒருவருக்குச் சாலையைக் கடக்க உதவினேன் என்ற வரி அவற்றில் ஒரே எழுத்து மாறாமல் வந்துகொண்டே இருக்கிறது. பிள்ளை நல்லவனாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய ஏற்பாடு, நம்பிக்கைக்குரியவராக இருப்பது என்ற முதல் விதியையே மீறக் கற்றுக்கொடுக்கிறது. எங்கள் ஆசிரியை இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார். முதலுதவி, முடிச்சுகள், திசைகாட்டி பார்த்தல் போன்ற திறன்களுக்கு மட்டும் பதிவேடு. நற்செயலை எழுதவும் வேண்டாம், வகுப்பில் எழுந்து சொல்லவும் வேண்டாம். உயர்நிலைத் தேர்வுகளுக்குத் தேவையான பதிவுகளை மட்டும் உரிய நேரத்தில் உண்மையாக எழுத வைக்கிறார். இதனால் அவருடைய படையில் விருது பெறும் எண்ணிக்கை பக்கத்துப் பள்ளிகளைவிடக் குறைவு என்று சில பெற்றோர் குறைப்படுகிறார்கள். ராஜ்ய புரஸ்கார் சான்றிதழ் நாளைக்குக் கல்லூரிச் சேர்க்கையில் உதவுமா என்று கேட்பதே அவர்களுடைய முதல் கேள்வியாக இருக்கிறது. விருதில் தவறில்லை, உழைத்த பிள்ளைக்கு அது கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் சான்றிதழுக்காகவே சேர்ப்பவர்களுக்கு இந்தப் படை ஏற்றதன்று என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

திறன் பயிற்சியின் தரம் நன்று. ஸ்கார்ஃபை விரித்து முக்கோணக் கட்டாக மாற்றி உடைந்த கையைத் தாங்கக் கட்டுவது, கட்டின் முடிச்சு உடலில் உறுத்தாமல் தட்டையாக அமைவதற்கு ரீஃப் முடிச்சைப் பயன்படுத்துவது, இடுப்பைச் சுற்றிக் கட்டினாலும் இறுகாத போலைன் முடிச்சு ஆகியவற்றை மகள் தூக்கத்திலும் செய்வாள். உதவ வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்து எப்படி உதவுவது என்று தெரியாதவர்கள் விபத்து நடந்த இடத்தில் கூட்டம் போட்டு நிற்பதை நாம் தினமும் பார்க்கிறோம். அந்த வகையில் இந்தத் திறன்களைச் சேவையிலிருந்து பிரிக்க முடியாது.

இவை அனைத்தும் எங்களுக்கு முதல் முயற்சியிலேயே கிடைத்துவிடவில்லை. மகள் இதற்கு முன் படித்த பள்ளியிலும் குருளையர், நீலப்பறவையர் பிரிவுகள் இருந்தன. சுற்றறிக்கை வந்தது, பணம் கட்டிச் சீருடை வாங்கினோம், அதன்பின் ஆண்டு முழுவதும் நடந்தது சுதந்திர தின அணிவகுப்பும், பள்ளி விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர்களை வரவேற்கக் கையில் பூத்தட்டுடன் வெயிலில் வரிசையாக நிற்பதும்தான். விருந்தினர் வர இரண்டு மணி நேரம் தாமதமானபோது ஒரு சிறுமி மயங்கி விழுந்தாள். பொறுப்பாசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு வகுப்புப் பாடங்களுக்கு மேல் இதையும் அவர் தலையில் சுமத்தியிருந்தார்கள். ஆனால் பெரிய மனிதர்களுக்கு முன்னால் சீருடையில் நிற்பதுதான் சேவை என்று ஏழு வயதில் ஒரு பிள்ளை புரிந்துகொண்டால், அதை மாற்றுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். சேர்ப்பதற்கு முன் பள்ளியில் கேட்க வேண்டிய கேள்வி, கடந்த மூன்று மாதத்தில் வாராந்திரக் கூட்டம் எத்தனை முறை நடந்தது என்பதும், அணித் தலைவிகள் யார் என்பதும்தான். இரண்டாவது கேள்விக்கு உடனே பெயர்களைச் சொல்ல முடியாத படை பெயரளவிலான படை.

கட்டணத்தையும், யாரெல்லாம் சேர முடிகிறது என்பதையும் ஒன்றாகவே பார்க்க வேண்டும். சீருடை, ஸ்கார்ஃப், பெல்ட், சின்னங்கள் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஏறத்தாழ 1,400 ரூபாய் ஆயிற்று. ஏற்காடு முகாமுக்கு உணவும் பேருந்தும் உட்பட 900 ரூபாய். மற்ற வகுப்புகளோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். ஆனால் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறையில் கொலுசுக்குப் பற்றவைக்கும் ஒருவருக்கோ, தறிக்குப் போகும் ஒருவருக்கோ இது சிறு தொகை அன்று. இந்த இயக்கத்தின் வரலாற்றிலேயே இந்தக் கேள்வி தொடக்கம் முதல் இருக்கிறது. பிரவுன்சீ தீவில் செல்வர் வீட்டுப் பள்ளிகளில் படித்த சிறுவர்களையும் உழைப்பாளர் வீட்டுச் சிறுவர்களையும் வேண்டுமென்றே ஒரே அணியில் கலந்துதான் வைத்தார்கள். அதே இயக்கம் 1909-இல் இந்தியாவுக்கு வந்தபோது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது. இந்தியப் பிள்ளைகளுக்கு இடமில்லை என்றதால் அன்னி பெசன்ட் 1916-இல் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சாரணர் சங்கத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. எல்லோருக்கும் நண்பர் என்ற விதியைச் சொல்லிக்கொண்டே ஒரு வாசலை மூடி வைக்க முடியும் என்பதற்கு அது சான்று. பணம் இன்றும் அப்படியொரு மூடிய வாசலாகலாம்.

எங்கள் படை இதற்கு ஒரு பழைய பீரோவை வைத்திருக்கிறது. வளர்ந்துவிட்ட பெண்கள் தங்கள் சீருடையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பொத்தான் தைத்து அதில் வைத்துவிட்டுப் போகிறார்கள். புதிதாகச் சேரும் யாரும், வசதி உள்ளவர் இல்லாதவர் என்ற வேறுபாடின்றி, முதலில் அந்தப் பீரோவில்தான் தங்கள் அளவைத் தேட வேண்டும். அங்கே கிடைக்காவிட்டால் மட்டுமே புதிது வாங்கலாம். எது யாருக்கு இலவசமாகக் கிடைத்தது என்று பார்த்தால் தெரியாது. முகாமில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பானையில் பொங்கி ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அடுத்தவர் வீட்டில் தண்ணீர் குடிப்பதற்கு முன் இன்னும் யோசிக்கும் பெரியவர்கள் உள்ள குடும்பங்களிலிருந்தும் அங்கே பிள்ளைகள் வந்திருந்தார்கள் என்பதை அறிந்ததால் சொல்கிறேன்.

பள்ளிகளில் வேறு அமைப்புகளும் இருக்கின்றன. இளம் செஞ்சிலுவைச் சங்கம் முதலுதவியிலும் சுகாதாரத்திலும் நல்ல அடித்தளம் தருகிறது. தேசிய பசுமைப் படை மரம், நீர், குப்பை பற்றிய பணிகளைச் செய்கிறது. 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் மேல்நிலைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் உரியது. பிள்ளையின் பள்ளியில் சாரணர் படை இல்லையென்றால் இவற்றில் எது உயிரோடு நடக்கிறதோ அதில் சேர்க்கலாம். வயது கலந்த சிறு அணி என்ற ஏற்பாடு சாரணர் படையில் உள்ள அளவுக்கு அவற்றில் வலுவாக இல்லை என்பதுதான் நான் காணும் வேறுபாடு.

எந்தப் படையும் வீட்டுக்குப் பதிலாக முடியாது. பந்தலில் டம்ளர் கழுவிவிட்டு வந்த பெண், வீட்டில் சாப்பிட்ட தட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனால், அதை எடுத்துக் கழுவி வைக்கும் அம்மா அந்தப் பயிற்சியைக் கலைக்கிறார். எங்கள் வீட்டில் உதவிக்கு வரும் அக்காவுக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் அவர் செய்யும் வேலைகளை நாங்கள் நால்வரும் பிரித்துக்கொள்கிறோம். அவருக்குச் சம்பளம் பிடிப்பதில்லை. இதை மகளிடம் விளக்கிச் சொன்னதில்லை. அவள் பார்க்கிறாள். முகாமுக்குப் பிள்ளையைப் பேருந்தில் அனுப்பாமல் காரில் கொண்டுபோய் விட்டு, மதியத்துக்கு வீட்டுச் சாப்பாட்டையும் கொடுத்தனுப்பிய பெற்றோர் இருந்தார்கள். அன்பினால்தான் செய்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளுடன் வாந்தியெடுக்கவும் இல்லை, அடிப்பிடித்த சோற்றைச் சாப்பிடவும் இல்லை. மூன்று நாளும் அணிக்கு விருந்தாளியாகவே இருந்துவிட்டு வந்தது.

எங்கள் படையின் உண்மையான பலவீனம் ஒற்றை ஆளை நம்பியிருப்பது. சாரணிய ஆசிரியைக்கு ஓய்வுபெற இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. அவருக்கு உடல்நலமில்லாமல் போன ஒரு மாதம் முழுவதும் கூட்டம் நடக்கவில்லை. பத்தாம் வகுப்புக்குப் போனதும் பெரும்பாலான பெண்களைப் பெற்றோர் நிறுத்திவிடுவதால், அணியை நடத்தப் பழகிய தலைவிகள் அந்தப் பழக்கம் முற்றும் நேரத்தில் வெளியேறிவிடுகிறார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மதிப்பெண்ணைக் குறைத்துவிடும் என்று நான் நம்பவில்லை, ஆனால் அந்த அச்சத்துடன் வாதாடி யாரும் வென்றதில்லை. பெரியவர்களுக்கான அடிப்படைப் பயிற்சியை முடித்த பெற்றோரும் படைக்கு உதவலாம் என்று ஆசிரியை கடந்த கூட்டத்தில் சொன்னார். அதற்கு இதுவரை இரண்டு அம்மாக்கள் பெயர் கொடுத்திருக்கிறோம். மூன்றாம் வகுப்பு முடிக்கும் மகனை ஜூன் மாதம் குருளையர் பிரிவில் சேர்க்கவும் விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறோம். அவனுடைய அளவில் ஒரு சட்டை பீரோவில் இருக்கிறதாம்.